வம்சாவளி புராஜெக்டில் சறுக்கும் இடங்கள்

ஆசிரியருக்கு,

வம்சாவளியை மரபணுவில் தேடும் மாணவர் குழுவுக்கு யாருடைய எச்சில் மாதிரியும் தேவையில்லை. பல நாட்டு மக்களின் மரபணு வரிசைகளைத் திரட்டிய ‘1000 ஜீனோம்ஸ்’ திட்டத்தின் மூன்றாம் கட்டத் தரவு இலவசம்: 26 மக்கள்குழுக்கள், 2504 பேர். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் அதில் உண்டு.

மரபணு ஒற்றுமைப்படி ஆட்களைப் புள்ளிகளாகப் படத்தில் வைக்கும் முதன்மைக்கூறு பகுப்பாய்வு, பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி வேலைதான். சறுக்குவது அதற்கு முன்பு. 5 சதவீதத்துக்கும் குறைவாகத் தென்படும் மரபணு மாற்றங்களை முதலில் நீக்க வேண்டும். பிறகு ‘பிளிங்க்’ மென்பொருளில் 50 மாற்றங்களை ஒரு சாளரமாக எடுத்து, ஐந்தைந்தாக நகர்த்தி, ஆர்-ஸ்கொயர் (இரு மாற்றங்கள் சேர்ந்தே வரும் அளவு) 0.2-ஐத் தாண்டும் இணைகளில் ஒன்றை நீக்கிச் சலிக்க வேண்டும். சலிக்காவிட்டால் அக்கம்பக்கத்து மாற்றங்கள் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். 6ஆம் குரோமோசோமின் நோயெதிர்ப்புப் பகுதியே படத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

இரு தரவுகளை இணைக்கும்போது ஒன்று மனித மரபணுத்தொகுதியின் மேற்கோள் வரிசையில் 37ஆம் பதிப்பு, மற்றது 38 என்றால் இட எண்கள் பொருந்தா. டி.என்.ஏ. எழுத்துகளில் ஏ-டி, சி-ஜி இடையிலான மாற்றங்களையும் விட்டுவிடுங்கள். ஒரு இழையில் ஏ-க்கு எதிரே மற்ற இழையில் டி, சி-க்கு எதிரே ஜி இருப்பதால், எந்த இழையில் படித்தது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு குழுவில் 500 பேர், இன்னொன்றில் 20 பேர் என்றால் படம் கோணும். ஒவ்வொருவரின் மரபணுவையும் மூதாதைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் ‘அட்மிக்ஸ்சர்’ மென்பொருள் தரும் வண்ணப்பட்டைகளைச் சாதியாக வாசிப்பதுதான் (ஆசை யாரை விட்டது!) பெரும்பிழை. எத்தனை வண்ணம் என்பதே நாம் கொடுக்கும் எண்.

— உயிர்த்தகவலியல் ஆசிரியர்கள் சிலர்