கோயில் காட்டை ஒட்டிய ஒன்பது ஏக்கர்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

அய்யனார் கோயில் காட்டை ஒட்டிக் கிடக்கும் தரிசைத் திரும்பக் காடாக்குவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அதற்குத்தான் பணம் கேட்கிறோம். மரக்கன்று வாங்க அல்ல. கன்று கொடுக்க ஆள் இருக்கிறார்கள், நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகவும் ஆள் இருக்கிறார்கள்.

"சும்மா விட்டாலே காடு வந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். வரும். ஆனால் அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்பதைப் பொறுத்து வரும். நம் தரிசிலேயே மூன்று கதை இருக்கிறது.

வடக்கே இருப்பது பழைய முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்தது போக மிச்ச மரங்கள் நிற்கின்றன. அங்கே டிராக்டர் இறங்கியதே இல்லை. வெட்டி வெட்டி விட்ட வீரை, காசான் என்ற காட்டு மரங்கள் பழைய வேரிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன. முந்திரியில் வந்து உட்காரும் கொண்டைக்குருவிகள் கோயில் காட்டுப் பழங்களின் விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகின்றன. ஆடு நுழையாமல் வேலி போட்டால் போதும்.

நடுவில் இருப்பது முதலில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, அப்புறம் தைலமரம் வைத்த நிலம். ஆழ உழுது உழுது அடிவேர் ஒன்றுகூட மிச்சமில்லை. நம் காட்டு மரங்கள் பலவற்றின் விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்காது. தைலமரமோ வெட்டினாலும் கட்டையிலிருந்து கிளம்பிவிடும். ஜேசிபி வைத்துக் கட்டைகளைத் தோண்டிவிட்டுக் கன்று நடத்தான் வேண்டும். செலவில் பெரும்பங்கு இங்கேதான்.

ரோட்டோரப் பகுதிதான் எங்களுக்குக் கவலை. புல்லுக்காகக் கோடைதோறும் தீ வைத்த இடம். பிரேசிலில் மனௌஸ் நகருக்கு வடக்கே, மேய்ச்சலுக்காக அழித்துப் பிறகு கைவிட்ட நிலங்களை ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகக் கவனித்து வருகிறார்கள். வெட்டிவிட்டு அப்படியே விட்ட இடத்தில் செக்ரோப்பியா மரங்கள் எழுந்து, அவற்றின் நிழலில் பலவகை மரங்கள் சேர்ந்தன. திரும்பத் திரும்ப எரித்த இடத்திலோ, எரிந்தாலும் துளிர்க்கும் விஸ்மியா என்ற மரமே இடத்தைப் பிடித்துக்கொண்டது, மற்றவை பல வருடம் கழித்தும் சரியாக உள்ளே வரவில்லை. நம் மழையும் மண்ணும் வேறு, மரங்களும் வேறு. ஆனாலும் ரோட்டோரத்தில் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) மட்டும் நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு விஷயம் புரியும். அங்கே தீத்தடுப்புப் பாதை வெட்டி, கோடை மாதங்களில் ஒரு காவலாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

நட வேண்டிய மரங்களை ஊகித்து எழுதவில்லை. நம் கோயில் காடு பக்கத்திலேயே இருக்கிறது. நம் கடலூர் மாவட்டத்தில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் கோயில் காடுகளின் மரங்களைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் அளந்து பதிவு செய்தும் இருக்கிறார்கள். புங்கனும் பூவரசும் வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து வீட்டு வாசலில் வையுங்கள்.

தொகை உங்கள் வசதிப்படி. வேலிக்கு, ஜேசிபிக்கு, காவலுக்கு என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் அந்தக் கணக்கிலேயே வரவு வைப்போம். பணமாக முடியாதவர்கள் வேலிக்குக் கல்தூணோ, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் டேங்கரோ தரலாம். மரத்தில் பெயர்ப் பலகை மாட்டமாட்டோம், அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். ஐப்பசி மழைக்குள் குழி வெட்டி முடிக்க வேண்டும் என்பதால் ஆவணி கடைசிக்குள் கொடுத்தால் நல்லது. ரசீதுப் புத்தகம் பால் சொசைட்டியில் இருக்கிறது. வரவு செலவு மாதாமாதம் கோயில் சுவரில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
காடு மீட்புக் குழுவினர்