இணையத்துக்கும் ஒரு வெள்ளை அட்டை கொடுங்கள்

எங்கள் பகுதிக்கு பிராட்பேண்ட் இணைப்பு தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் 19ஆம் தேதி மாலை என் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 2க்கு இறங்கியது. மாதத்துக்கான 1000 ஜிபியும் தீர்ந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. அதற்கு முந்தைய மாதமும் இதே கதைதான். போன் செய்தபோது உங்கள் ஊழியர், "வீட்ல யாராவது படம் பார்த்திருப்பாங்க சார்" என்றார். அவர்மேல் கோபமில்லை. அவருக்கும் திரையில் மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரிகிறதாம்.

முதல் மாதம் தப்பு என் பக்கமும் இருந்தது. விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்று உண்டு. அதில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், எந்த புரோகிராம் எவ்வளவு அனுப்புகிறது, எவ்வளவு வாங்குகிறது என்று அப்போதைக்கப்போதே ஓடும். ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். யாரும் தொடாத கணினியில் ஒரு பேக்கப் மென்பொருள் பெரிய வீடியோ ஒன்றைப் பாதி ஏற்றி, அறுந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தது. சரி, அதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் ரிசோர்ஸ் மானிட்டருக்கு அந்த ஒரு கணினிதான் தெரியும். டிவியும் போன்களும் அதன் கண்ணில் படாது. அதனால் பரணில் கிடந்த பழைய கணினியில் இரண்டு லேன் கார்டு மாட்டி, லினக்ஸ் போட்டு, வீட்டு இணையம் முழுவதும் அதன் வழியாகவே போகும்படி செய்தேன். அதில் விஎன்ஸ்டாட் என்ற, இணையம் எவ்வளவு ஓடியது என்று அளக்கும் மென்பொருள் ஓடுகிறது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்று அது மோப்பம் பிடிப்பதில்லை. லினக்ஸின் உட்பகுதியான கர்னல் எண்ணி வைத்திருக்கும் பைட்டுகளை எடுத்து, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

1ஆம் தேதியிலிருந்து நீங்கள் வேகத்தைக் குறைத்த நிமிடம் வரை, ஏற்றியதும் இறக்கியதும் சேர்த்து அது காட்டியது 688 ஜிபி. இது 1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி என்று 1024ஆல் பெருக்கிக்கொண்டே போகும் கணக்கு. நீங்கள் 1000ஆல் பெருக்குகிறவர்களாக இருந்தால் உங்கள் கணக்கில் 739 ஜிபி ஆகும். இணைப்புக்குப் பயன்படும் பிபிபிஓஇ என்ற முறை, ஒவ்வொரு பாக்கெட்டிலும், அதாவது தகவல் துண்டிலும், ஒட்டும் 8 பைட்டையும் உங்களுக்கே விட்டுத்தருகிறேன், அதில் ஒரு நாலு ஜிபி வரும். அப்புறமும் 250 ஜிபிக்கு மேல் இடிக்கிறது. அது எங்கே போனது?

உங்களிடம் விவரம் இல்லாமல் இருக்காது. இணைப்புக் கணக்கை வைத்திருக்கும் ரேடியஸ் சர்வருக்கு, எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது என்ற தகவல் இடையிடையே போய்க்கொண்டே இருக்கும்படி வைக்க முடியும். அதைக் கூட்டித்தானே எனக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்கள்? கூட்டுவதற்கு முன் இருப்பதைக் காட்டுங்கள் என்கிறேன். ஏற்றியது தனி, இறக்கியது தனி, மணி வாரியாக, உங்கள் ஆப்பிலேயே.

கரண்டுக்கு வாசலில் மீட்டர் இருக்கிறது. ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார், சந்தேகம் வந்தால் நாமே மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம். ஓடியது மிக்ஸியா ஃபேனா என்று அந்த மீட்டர் கேட்பதில்லை. நீங்களும் கேட்க வேண்டாம், எந்தத் தளம் என்ற பட்டியல் எனக்கு வேண்டவே வேண்டாம். அளவு மட்டும் போதும்.

என் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் பதிவையும் எடுத்துக்கொண்டு யாராவது வீட்டுக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்