பாட்டி போகவில்லை: எல்லையோரத் தொழிற்கூட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் உங்களில் ஒருவர் மட்டும் கோபித்துக்கொள்வார். எழுதாமல் விட்டால், இது நம்மைத்தானோ என்று நாலைந்து பேராவது யோசிப்பீர்கள். பூட்டிக் கிடக்கும் அறை யாரிடம் இருக்கிறது என்பது அவரவருக்கே தெரியும்.

கேட்பது ஒன்றுதான். அந்த அறையைத் திறந்து, சட்டம் சொல்கிறபடி குழந்தைகள் காப்பகமாக நடத்துங்கள். அதில் தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள்.

நாங்கள் உடுமலைப்பேட்டைக்காரர்கள். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததும், போன ஜூனில் மூன்று வயது மகளோடு வாளையாறு எல்லை தாண்டி வந்தோம். கடல் தாண்டவில்லை, பாஸ்போர்ட் எடுக்கவில்லை. ஆனாலும் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற கேள்வி வந்ததும், வேற்று நாடுதான். முதலில் பார்த்தது அங்கன்வாடி. அங்கே இருந்த டீச்சர் தங்கமானவர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசினார். ஆனால் மூன்றரை மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். எனக்கு ஷிப்ட் முடிவது ஐந்தரைக்கு. அடுத்து, ஒரு வீட்டில் ஓர் அம்மாள் ஐந்து பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார வைத்திருந்தார். பார்த்ததும் திரும்பிவிட்டேன். கடைசியில் கிடைத்தது ஒரு தனியார் டே கேர். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். ஓர் ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், பின்பக்கக் கதவுக்குப் பூட்டு உண்டா, கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவார்கள், காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வார்கள். மொழியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. பாலக்காடுதானே, தமிழ் தெரியாதவர் யார் இருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண் கோட்டயத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

சேர்த்த நான்காம் நாள் மாலை, அந்தப் பெண் மிகுந்த கரிசனத்தோடு என்னிடம் சொன்னார்: உங்கள் மகளுக்கு நாயென்றால் பயங்கர பயம் போலிருக்கிறது, மதியத்திலிருந்து நாயைச் சொல்லியே அழுதுகொண்டிருந்தாள், ஜன்னலைக்கூட அடைத்துவிட்டேன், நாய் போய்விட்டது என்று பத்து முறை சொன்னேன். குறிப்பேட்டிலும் எழுதியிருந்தார்கள், குழந்தைக்கு நாய் பயம் என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயின் காதைப் பிடித்து இழுக்கிறவள் அவள்.

இரவு படுக்கையில் அவளே கேட்டாள்: “அம்மா, பாட்டி போய்விட்டார்களா?”

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மதியம் முழுக்க என் மகள் அழுதது “பாட்டி வேண்டும், பாட்டி வேண்டும்” என்று. அதற்கு அந்தப் பெண் அன்போடு, முதுகைத் தட்டிக்கொடுத்துச் சொன்ன ஆறுதல்: “பட்டி இல்லா, பட்டி போயி.” தேம்பிக்கொண்டிருக்கும் மூன்று வயதுக் காதுக்குக் குறில் எது, நெடில் எது? உடுமலையில் இருக்கும் பாட்டி போய்விட்டாள் என்று பத்து முறை கேட்டிருக்கிறாள். அழுகை எப்படி நிற்கும்? இரவு பதினொரு மணிக்கு என் அம்மாவை எழுப்பி, வீடியோவில் முகத்தைக் காட்ட வைத்தேன். திரையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தூங்கினாள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் ஊரில் அம்மாவின் அம்மாவை அம்முச்சி என்பதுதான் வழக்கம். செல்பேசியில் குழந்தைப் பாட்டுக் கேட்டு இவள் பாட்டி என்று பழகிவிட்டாள். அம்முச்சி என்று அழுதிருந்தால், கோட்டயத்துப் பெண்ணுக்கு அது அம்மச்சி என்று கேட்டிருக்கும், விஷயமும் புரிந்திருக்கும்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. தெரிந்த மொழியில் தேற்றப் பார்த்தார். என் வருத்தமெல்லாம் உங்கள்மேல். நான் அப்போது எங்கே இருந்தேன்? நான்கு கிலோமீட்டர் தள்ளி, உங்கள் கூரைக்குக் கீழே, பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். காப்பகம் வளாகத்துக்குள் இருந்திருந்தால், தேநீர் இடைவேளையில் ஓடிப்போய் ஒரு நிமிடத்தில் தீர்த்திருப்பேன்.

சட்டத்தை உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியதோடு, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. தனியாக வைக்கலாம், பொது வசதியாகவும் வைக்கலாம். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் போய்ப் பிள்ளையைப் பார்த்துவர விட வேண்டும் என்றும் சொன்னது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஐம்பது அப்படியேதான் இருக்கிறது. எங்கள் ஷிப்டில் மட்டும் நூறு பேருக்கு மேல். மனிதவளப் பிரிவில் கேட்டேன். “உங்களில் பாதிப்பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், கணக்கில் வரமாட்டீர்கள்” என்றார்கள். ஓவர்டைமுக்கு ஆள் எண்ணும்போது மட்டும் கணக்கு எப்படியோ சரியாக வந்துவிடுகிறது.

அறை இல்லை என்றும் சொல்ல முடியாது. கதவில் யானைப் படம், சுவரில் அ, ஆ அல்ல, மலையாள அட்சரங்கள், உறை பிரிக்காத பொம்மைகள். அங்கே இப்போது வளர்வது அட்டைப்பெட்டிகள். நல்ல வளர்ச்சி, கூரையைத் தொட்டுவிட்டன. யாராவது பார்வையிட வரும் நாளில் அவை மாடிக்குக் குடிபோகும்; மறுநாள் திரும்பிவரும். புகை பிடிக்காதீர் என்பதை மலையாளம், தமிழ், இந்தி, ஆங்கிலம் என நான்கு மொழிகளில் எழுதி மாட்டத் தெரிந்த உங்களுக்கு, தமிழ் தெரிந்த ஓர் ஆயாவைத் தேடுவது அவ்வளவு கடினமா? கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஏறிக் கேட்டால் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

அரசையும் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்க முடியவில்லை. கேரளத்தில் 1975-இல் வேங்கரையில் தொடங்கியது அங்கன்வாடித் திட்டம். ஐம்பது ஆண்டாகிவிட்டது. மூன்றரை மணிக்கு எந்தத் தொழிற்கூடத்தில் சங்கு ஊதுகிறார்கள்? அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டது. 2025-இல் உணவுப் பட்டியலில் முட்டைப் பிரியாணி வந்தது. மகிழ்ச்சி, உண்மையான மகிழ்ச்சி. அந்தக் குழந்தை கேட்ட மொழி எல்லோருக்கும் புரிந்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350அ பிரிவுகூடப் பள்ளி வாசலில்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய வயதில் அழும் பிள்ளைக்குப் பிரிவு எண் இல்லை.

என் நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு ஜெர்மனிக்குப் போனார். அங்கே 2013 ஆகஸ்டிலிருந்து, ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பக இடம் சட்டப்படி உரிமை. இடம் கிடைப்பது அங்கேயும் பெரும்பாடுதானாம், மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். ஆனால் சேர்ந்த பிறகு, முதல் சில நாட்கள் தாய் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பிறகு பத்து நிமிடம் வெளியே, பிறகு அரைமணி. பழக்கப்படுத்தும் காலம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு டே கேர் வாசலில் கிடைத்தது இரண்டு நிமிடம், அதுவும் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கும்வரை.

ஊர்க் கதை போதும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: அறையைத் திறங்கள், தமிழ் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக நடத்த முடியாது என்றால், பக்கத்துப் பக்கத்து நிறுவனங்கள் நான்கு சேர்ந்து ஒன்றை நடத்துங்கள்; சட்டம் அதற்கு இடம் தருகிறது. முதல் வாரம் மட்டும் தாய்மார்களை அரைமணி நேரம் உள்ளே உட்கார விடுங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலும் சரி.

இந்த மடலின் ஒரு படியை அரசுக்கும் அனுப்புகிறேன். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம். நீங்கள் மலையாளத்தில் பதில் எழுதினாலும் எனக்குப் பிரச்சினையில்லை, இப்போது படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மகள் என்னைவிட வேகம். காலையில் நான் செருப்பு மாட்டினால் “அம்மா போயி” என்கிறாள்.

அட்டைப்பெட்டிகளை எடுத்து அடுக்க ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால் சொல்லுங்கள். எங்கள் பிரிவில் பிள்ளை உள்ளவர்கள் பதினொரு பேர், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். சாவி யாரிடம் என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
உடுமலையிலிருந்து வந்து கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் ஒரு தாய்