அப்பச்சியின் நேரத்தைக் காத்தவர்களுக்கு

போன வாரம் எங்கள் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சதாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. வீட்டு முகப்பிலிருந்து உள்முற்றமான வளவு வரைக்கும் அவர் தானே நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, வந்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பாராட்டினார்கள். அது எங்களுக்கு மட்டும் சேர வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பச்சியின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. கணக்கு நோட்டில் வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும், முடியும்போது எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தோம். வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகே மதுரைக்குப் போனோம். மூளையில், உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் சுரக்கும் செல்கள் குறைவதால் வரும் பார்க்கின்சன் நோய் இது, முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் லெவோடோபா மாத்திரையால் நன்றாக நடமாட வைக்கலாம் என்று பொறுமையாகச் சொன்ன டாக்டருக்கு முதல் வணக்கம்.

அடுத்து, காரைக்குடி மருந்துக்கடைத் தம்பி. மாத்திரை சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்கவில்லை என்று நான் புலம்பியபோது, "எதோட கொடுக்குறீங்க ஆச்சி?" என்று கேட்டது அவர்தான். பாலோடு கொடுத்துக்கொண்டிருந்தோம். பாலில் உள்ள புரதம் மருந்தோடு போட்டி போட்டு, அதை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாலோ ஒரு மணி நேரம் கழித்தோ வெறும் தண்ணீரில் கொடுத்தோம். வித்தியாசம் தெரிந்தது.

காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இந்த நான்கு வேளையை எங்களைவிடக் கவனமாகப் பார்த்தவர் சமையல் அக்கா. மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கே முடித்துவிடுவார். மலச்சிக்கலும் இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடும் என்று தெரிந்த நாளிலிருந்து கீரையும் வாழைத்தண்டும் மாறி மாறி வருகின்றன. மாத்திரை வேளையைத் தள்ளிப்போட நான் சொன்னாலும் கேட்கமாட்டார்.

எங்கள் வீட்டில் நிலைவாசல்கள் அதிகம். ஒவ்வொரு நிலைக்கு முன்னாலும் அப்பச்சியின் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். நாங்கள் கையைப் பிடித்து இழுப்போம், அவர் தடுமாறுவார். பிசியோதெரபி கற்றுக்கொடுத்த தங்கச்சி வந்து முதலில் இழுப்பதை நிறுத்தச் சொன்னார். அப்புறம் தரையைக் காட்டினார். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்! "அடுத்த பூவை மிதிங்க ஐயா" என்றார். அப்பச்சி மிதித்தார். அதற்கடுத்த பூவையும் மிதித்தார். ஆத்தா அழுதுவிட்டார். பூ இல்லாத இடத்தில் பட்டை நாடா ஒட்டினோம், என் மகன் கூடவே நடந்து "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவான்.

போன வருடம் வாந்திக்காக ஒரு மருத்துவமனையில் போட்ட ஊசியால் மறுநாள் உடம்பே விறைத்துப்போனது. அது டோபமினைத் தடுக்கும் மெட்டோகுளோபிரமைடு என்று கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு நர்ஸ் அக்கா. அந்த மருந்தும், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் ஆகாது, லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று அவர் எழுதிக்கொடுத்த அட்டை இன்றும் அப்பச்சியின் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர் யார் வீட்டில் இருந்தாலும் அப்படி ஓர் அட்டை வேண்டும்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பச்சியோடு பேசிக்கொண்டிருந்து, ஆத்தாவைக் கோயிலுக்கு அனுப்பி வைக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்ல? ஆத்தாவின் முகத்தில் சிரிப்பு திரும்பியது உங்களால்தான்.

சதாபிஷேகத்தன்று சரியாகப் பத்து மணிக்குச் சிவாச்சாரியார் மந்திரத்தை நிறுத்தி, "ஐயாவுக்கு மாத்திரை கொடுத்துடுங்கோ" என்றார். யார் அவரிடம் சொல்லி வைத்தார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். சமையல் அக்கா கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

அன்புடன்,
மகள்
கானாடுகாத்தான்