20 அம்பியர் என்று அச்சிட்டு விற்கப்படும் பியூஸ் ஹோல்டர் பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் கண்டிக் கிளையில் இரண்டு பியூஸ் ஹோல்டர்கள் வாங்கினேன். வயரோடு வரும், பிளேட் பியூஸ் போடும் வகை. மூடியில் 20 அம்பியர் என்று அச்சிட்டிருந்தது. அந்த எண்ணை நம்பித்தான் வாங்கினேன். பில்லின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

என்னுடையது அப்பா ஓட்டிய பழைய 125 சிசி மோட்டார் சைக்கிள். முழு வண்டிக்கும் ஒரே பியூஸ்தான். அது போனால் விளக்கு, ஹோர்ன், இக்னிஷன் எல்லாமே போய்விடும். கண்ணாடிப் பியூஸைப் பிடித்திருந்த பித்தளைக் கிளிப்கள் தளர்ந்து பச்சை பூத்துவிட்டன. குழியில் விழுந்தால் இஞ்சின் கட் ஆகி மறுபடி பிடிக்கும். எங்கள் மழையிலும் பனியிலும் இத்தனை வருடம் உழைத்த சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதைக் கழற்றிவிட்டுத்தான் உங்கள் ஹோல்டரைப் பூட்டினேன்.

ஒன்பதாம் நாள் மாலை, நுவரெலியாவில் டியூஷன் முடிந்த மகளை ஏற்றிக்கொண்டு றம்பொடைக்கு இறங்கினேன். லபுக்கலை தாண்டி ஒரு முடக்கில், பனிமூட்டத்துக்குள், விளக்கும் இஞ்சினும் ஒன்றாகப் போய்விட்டன. பின்னால் மரக்கறி லொறி. மகள் போன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக் கத்த, நான் வண்டியைக் கானோரம் தள்ளினேன். லொறி எங்களுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

சீட்டைக் கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் உருகிப் பியூஸோடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் உள்ளேயிருந்த 15 அம்பியர் நீலப் பியூஸ் எரியவில்லை. அதன் கம்பி இன்னும் முழுசாக இருக்கிறது. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். உங்கள் கவுண்டரில் இருந்த தம்பி, "பழைய வண்டி அண்ணே, வயரிங் எங்கேயோ ஷோர்ட் ஆகியிருக்கும்" என்றார். ஷோர்ட் என்றால் முதலில் பியூஸ் போயிருக்க வேண்டும், அதற்குத்தானே அது இருக்கிறது. பியூஸ் தப்பி ஹோல்டர் உருகியது என்றால், சூடு கிளம்பியது ஹோல்டருக்குள்தான். எல்லா விளக்கையும் போட்டாலும் என் வண்டி ஆறு அம்பியருக்கு மேல் இழுக்காது.

சரி, சந்தேகம் தீரட்டும் என்று பாக்கெட் பிரிக்காத இரண்டாவது ஹோல்டரை ஊர் கராஜுக்குக் கொண்டுபோனேன். வயர் வெளிப்பார்வைக்குத் தடிப்பு. உரித்தால் தையல் நூல் போல ஏழே ஏழு இழை. கிளிப்பில் காந்தம் ஒட்டுகிறது. பித்தளையில் காந்தம் ஒட்டாது, இது முலாம் பூசிய இரும்பு. 12 வோல்ட் பெட்டரியில் 55 வாட் பல்ப் ஒன்றை இந்த ஹோல்டர் வழியாகப் பத்து நிமிடம் எரிய விட்டோம். ஹோல்டரில் கை வைக்க முடியவில்லை. மீட்டர் வைத்தால் அதற்குள்ளேயே 0.7 வோல்ட் விழுகிறது, அதாவது பல்புக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு ஹோல்டருக்குள்ளேயே சூடாகப் போகிறது. அந்த பல்ப் இழுப்பது ஐந்து அம்பியருக்கும் குறைவு. இருபதை இது எப்படித் தாங்கும்?

ஹோல்டர் விலையைத் திருப்பித் தருவது உங்கள் கடமை, ஆனால் சில நூறு ரூபாவுக்காக நான் எழுதவில்லை. தோட்டங்களில் என்னைப் போல அப்பா காலத்து வண்டியை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் இந்த முடக்குகளில் இறங்குகிறார்கள். நான் வாங்கிய அதே பெட்டியிலிருந்து உங்கள் கடையில் இன்றைக்கும் விற்கிறார்கள், போன வாரம் பார்த்தேன். அதை உடனே எடுத்துவிடுங்கள். ஏற்கனவே வாங்கியவர்களுக்குத் தெரியும்படி கடை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் ஒட்டுங்கள். 20 அம்பியர் என்று எந்தச் சோதனையை வைத்து அச்சிட்டீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்வேன். உருகிய ஹோல்டரின் படங்களை மட்டும் அனுப்புகிறேன். ஹோல்டர் பியூஸோடு சேர்த்து என்னிடமே இருக்கும். உங்கள் ஆட்கள் யார் வந்தாலும் காட்டத் தயார்.

இப்படிக்கு,
றம்பொடையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்