முகத்துக்குள் போன நூலுக்கு ஒரு சீட்டு கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் 'த்ரெட் லிஃப்ட்', அதாவது தோலுக்கடியில் நூல் செலுத்தித் தொங்கும் முகத்தைத் தூக்கும் சிகிச்சை, பற்றிய கட்டுரை படித்தேன். கத்தி படாமல், தழும்பு இல்லாமல் முகத் தொய்வு போகும் என்பதோடு முடித்துவிட்டார்கள். அதே பக்கத்தின் கீழே ஒரு விளம்பரம், அதில் போன் நம்பர் இருந்தது, டாக்டர் பெயரைக் காணோம். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் அப்படியே என்னிடம் மேக்கப்புக்கு நாள் சொல்லிவிட்டுப் போவார்கள். நூல் போட்ட முகங்கள் கடைசியில் எங்களைப் போன்றவர்கள் கைக்குத்தான் வருகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஃபேஷியலுக்கு ஒரு அம்மா வந்தார். மோவாயிலிருந்து காது பக்கமாக நீவிவிடும்போது, தாடை ஓரத்தில் தோலுக்கடியில் மீன் முள் மாதிரி ஏதோ நெருடியது. "ஐயோ, அங்க அழுத்தாதீங்கக்கா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் சொல்கிறார், நூல் போட்டு ரெண்டு வாரம்தான் ஆகிறதாம். ஒரு கன்னத்தில் மட்டும் சின்னதாகக் குழி விழுந்திருந்தது. மசாஜ் பண்ணினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன நூல் என்று கேட்டேன். "தெரியலக்கா, கரையுற நூலுன்னாங்க." போட்டது டாக்டரா? "வெள்ளை கோட்டு போட்டிருந்தாங்க." பில்லை எடுத்துக் காட்டினார், 'பியூட்டி பேக்கேஜ்' என்று மட்டும் இருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.யில் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

சிகிச்சையே மோசம் என்று சொல்ல வரவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து வரும் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பிளாஸ்டிக் சர்ஜனிடம் செய்துகொண்டார். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாய் வழியாக, கொக்கி கொக்கியாக உள்ள நூலைத் தோலுக்கடியில் செலுத்தித் தொங்கும் சதையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் மாறிப்போகவில்லை, தூங்கி எழுந்த தெளிச்சல் மட்டும் தெரிந்தது. ஆனால் அந்த டாக்டர் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருக்கிறார். லேசான தொய்வுக்குத்தான் இது பலன் தரும், கழுத்துச் சதை நன்றாகத் தொங்கிவிட்டால் உதவாது, அதிகம் போனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாங்கும், வீக்கமும் ரத்தக்கட்டும் வரலாம், சில வாரத்துக்கு முகத்தை யாரும் பிசையக்கூடாது, வாயை அகலத் திறக்கும் பல் வைத்தியமும் அதுவரை வேண்டாம் என்று. சர்க்கரை இருக்கிறதா, ஆஸ்பிரின் போடுகிறீர்களா என்றும் கேட்டாராம்.

இதையெல்லாம் யார் கேட்பது என்பதுதான் என் பயம். 'பியூட்டீஷியன்களுக்கு ரெண்டு நாள் த்ரெட் லிஃப்ட் பயிற்சி, சான்றிதழ் உண்டு' என்று எனக்கே வாட்ஸ்அப்பில் வருகிறது. காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள்தான் கிளை பிரிகிறது. இடம் தவறினால் ஒரு பக்கப் புருவம் ஏறாமல் போகலாம். சுத்தம் குறைந்தால் நூல் போன வழியெல்லாம் சீழ் பிடிக்கும். புருவம் திருத்தவும் மருதாணி வைக்கவும் கற்ற என் கைக்கு இங்கே வேலையே இல்லை. எங்கள் தொழிலில் இருக்கிற சிலருக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால் எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்தத் தேதி என்று அட்டை எழுதித் தருகிறார்கள். முகத்தில் நூல் வைத்தால் ஏன் தருவதில்லை? பி.டி.ஓ. என்கிற நூல் ஆறேழு மாதத்தில் கரையும், வேறு சில வகை அதைவிட வெகுநாள் கிடக்கும். சிக்கல் வந்து வேறு டாக்டரிடம் போனால் அவருக்கு முதலில் தெரியவேண்டியது எந்த நூல், எத்தனை, எந்தப் பக்கம் என்பதுதானே? கிளினிக்குகள் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு இருக்கிறதா என்று பார்க்க வரும் அதிகாரிகள், நூல் போட்டவர்களுக்கு டாக்டரின் பதிவு எண்ணோடு எழுத்தில் விவரம் கொடுக்கப்படுகிறதா என்றும் பார்க்கவேண்டும். சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்கட்டும்.

அதுவரை, செய்துகொள்ளப் போகிறவர்கள் நூல் வந்த கவரைக் கேட்டு வாங்கி, பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்லர் நடத்தும் சகோதரிகள், ஃபேஷியலுக்கு உட்கார வைக்குமுன் நூல் போட்டிருக்கிறீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சப்பட்டு அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இப்படிக்கு,
பியூட்டி பார்லர் நடத்தும் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21