நடுச்சாமத்து மூச்சுமுட்டல் எல்லாம் தொய்வு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இதய வருத்தக்காரர் உள்ள வீட்டாருக்காக இதை எழுதுகிறேன், தயவுசெய்து பிரசுரியுங்கள். நடுச்சாமத்தில் திடீரென மூச்சு முட்டி எழும்பி, படுக்க ஏலாமல், வேர்த்துக் கொட்டி, இருமும்போது நுரையாக, சிலநேரம் இளஞ்சிவப்பாகச் சளி வந்தால் அது சுவாசப்பையில் நீர் கட்டியதாக இருக்கலாம். எங்கள் சனம் தொய்வு (ஆஸ்துமா) என்று நினைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, விடியட்டும் என்று காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் உயிர் போகிறது.

இன்னும் சிலர் வீட்டில் இருக்கும், உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் குளிசையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் அதே மருந்துதான், பியூரோசமைட். ஆனால் குளிசை வேலை தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் ஆகும், இதயம் தளர்ந்து குடலும் வீங்கியிருந்தால் இன்னும் இழுக்கும். ஆஸ்பத்திரியில் அதையே நாளத்தில் ஊசியாக, வழக்கமாக 40 மில்லிகிராம் அளவில் ஏற்றினால் 5 நிமிடமளவில் சிறுநீர் பிரியத் தொடங்கிவிடும். ஏற்கெனவே குளிசை எடுப்பவருக்கு அளவு கூடத் தேவைப்படும், அதனால் கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

சரி, ஊசி மட்டும் போதுமா? பலருக்குப் பிரஷர் திடீரென ஏறியதுதான் காரணம், உடம்பில் தண்ணீர் அவ்வளவாகக் கூடியிருக்காது. அவர்களுக்கு ஜீடிஎன் (கிளிசரைல் டிரைநைட்ரேட்) மருந்து இரத்தக் குழாய்களை விரித்துச் சில நிமிடங்களில் இதயத்தின் பாரத்தைக் குறைக்கும். நாக்குக்குக் கீழே வைக்கும் ஜீடிஎன் குளிசை சில வீடுகளிலும் இருக்கும், என்றாலும் பிரஷர் குறைந்தவருக்கும், ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாபில் எடுத்தவருக்கும் அது ஆபத்து. வெட்கப்பட்டு அதை டொக்டரிடம் மறைக்கவே கூடாது. முந்தி எல்லாருக்கும் போட்ட மோர்பீனை, மூச்சை அமுக்கும் என்பதால் இப்போது நன்கு யோசித்துத்தான் போடுகிறார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தால் ஒட்சிசன் கொடுப்பார்கள், தேவையென்றால் இறுக்கமான முகமூடியால் காற்றை அழுத்தியும் கொடுப்பார்கள், அது பெரிய ஆறுதல்.

ஆகவே ஆளைப் படுக்க வைக்காமல், காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து இருக்க வைத்து, உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். 2018 இலிருந்து யாழ்ப்பாணத்திலும் ஓடும் அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை, ஒட்சிசனும் அதிலேயே இருக்கும். ஓட்டோவில் அது கிடைக்காது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதம் என்றும், வழியில் சிறுநீருக்குப் போக இடமில்லை என்றும் குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாமாரே, நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் தீவுப்பகுதி. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலேயே ஒரு மணித்தியாலமளவு போய்விடும். அங்குள்ளவர்கள் படகுக்குக் காத்திராமல் முதல் ஊசியைத் தீவு ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களிலும் பியூரோசமைட் ஊசி, ஜீடிஎன், ஒட்சிசன் மூன்றும் அங்கே தீராமல் இருப்பதை மாகாண சுகாதார அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கொக்குவில்.